வித்தியாசம் தெரியவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை, கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்கா கேட்டிருந்தாள். "நீதான் பெரிய எழுத்தாளராச்சே, மரியாதையா நாலு வரி எழுதிக் குடுடி, நான் கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்றாள். புதன்கிழமை உட்கார்ந்தவள், இன்று வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

கடிதத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது, என் நாக்கு ஏமாற்றிவிட்டது, தவறுக்கு நான் ஒருத்தியே பொறுப்பு, மன்னிக்கவும்.

அக்காவுக்கு அன்று சளி பிடிக்கவில்லை. அவள் நாக்கு ஏமாற்றவும் இல்லை. நான் எழுதிக் கொடுத்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்தில் கொடுத்துவிடுவாள். அதுவும் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

(நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். "தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் எழுதுகிறவள். பொய்யாக வருந்துவது எனக்குத் தொழில். அப்படிப்பட்ட எனக்கே இந்த நாலு வரி வர மாட்டேன் என்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கங்கள்.

முதல் முயற்சி: "தொழிற்சாலையின் வாசலிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த மணம் வந்து அவளை" என்று ஆரம்பித்தேன். வேண்டாம். மணக்க மணக்க எழுதினால் நீங்கள் மயங்கிவிடுவீர்கள். நீங்கள் மயங்கக் கூடாது.

இரண்டாவது: "அவள் தனிமையை விரும்பினாள்." இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அக்காவோடு வேலை பார்க்கிற ஆறு பேர் பதினான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இது. "அவங்களுக்குத் தனியா சாப்பிடறதுதான் பிடிக்கும்." ஒருத்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவளுக்குக் காற்று வாங்கப் பிடிக்கும் என்று ஊருக்குச் சொல்கிற அயோக்கியத்தனம். அது என் பேனாவிலேயே வந்துவிட்டதே, சே!

மூன்றாவது: வேலையைச் சொல்லித் தொடங்குவது. இதுதான் சரி. வேலையைச் சொன்னால் பொய் சொல்ல முடியாது.

அக்கா ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவள். சிரிக்காதீர்கள், கேட்டவுடன் எல்லாரும் சிரிக்கிறார்கள். "அடேயப்பா, குடுத்து வெச்சவங்க" என்கிறார்கள். கொடுத்துவைத்த லட்சணத்தைக் கேளுங்கள். காலையில் பல் விளக்கினால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையில் உட்காரலாம். காபி கூடாது, பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது. ருசி அறையில் பலகை வைத்துத் தடுத்த ஏழு அடைப்புகள். ஆளுக்கு ஓர் அடைப்பு. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முடியாது, பேசக் கூடாது. பிஸ்கட்டின் நிறம் தெரியாமலிருக்கச் சிவப்பு விளக்கு. பதினொரு மணிக்குச் சின்னக் கதவு வழியாக மூன்று தட்டு வரும்.

இரண்டு தட்டில் ஏற்கெனவே சரி என்று முடிவான பிஸ்கட். ஒன்றில் அன்றைக்குச் சுட்டது. எதில் எது என்று தெரியாது, ஒவ்வொரு தட்டிலும் ஓர் எண் மட்டும் இருக்கும். ஒன்றைக் கடித்து, மென்று, வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து, அடுத்ததைக் கடிக்க வேண்டும். எது வேறாக இருக்கிறது என்று சீட்டில் குறிக்க வேண்டும். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அன்றைய சரக்கு நல்ல சரக்கு, லாரியில் ஏறலாம். அதற்காகச் சீட்டின் அடியில் ஒரு கட்டம் உண்டு: "வித்தியாசம் தெரியவில்லை." ஒழுங்காகச் செய்தால் நாலு நிமிஷம் பிடிக்கும். பிறகு சீட்டைச் சுவரில் இருக்கிற பிளவு வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும், விழுந்த நேரத்தை அங்கே குறித்துக்கொள்வார்கள்.

(மூன்றில் வேறுபட்டது எது என்று கண்டுபிடிக்கிறவளையே வேறுபடுத்தி ஒதுக்கிவைத்தார்கள், ஆகா என்ன பொருத்தம் என்று நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. இந்தப் பொருத்தத்தை நான் செய்யவில்லை. அவளுடைய வேலையே அதுதான். ரசித்து முடித்தாகிவிட்டதா? சரி, மேலே போவோம்.)

அக்கா சேர்ந்த இந்த ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. விதிப்படி ஏழில் மூன்று பேராவது கண்டுபிடித்தால்தான் சரக்கை நிறுத்துவார்கள். ஆனால் அக்கா ஒருத்தி மட்டும் "இதுதான் வேறு" என்று குறித்தாலும் சூப்பர்வைசர் சரக்கை நிறுத்திச் சோதனைக்கு அனுப்பிவிடுவார். அது எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டதில்லை. அவள் நாக்கின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இன்று கழுத்தைப் பிடிப்பது அந்த நம்பிக்கைதான்.

3

இனி டீச்சர்.

அவர் நிஜமான டீச்சர் இல்லை. அந்த அறையில் எல்லாருக்கும் மூத்தவர், யார் எதைச் சொன்னாலும் திருத்துவார், அதனால் அப்படிப் பெயர். இவரைக் கெட்டவராக எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. முதல் வரைவில் அவர் மூக்கின் மேல் ஒரு மருகூட வைத்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைப் படுத்துகிறது.

ஒரு சனிக்கிழமை. ஆறு பேர் "வித்தியாசம் தெரியவில்லை" என்று குறித்தார்கள். அக்கா மட்டும் ஒரு தட்டின் எண்ணைக் குறித்தாள். சோதனையில் எண்ணெய் பழசாகியிருந்தது தெரிந்தது. மொத்தச் சரக்கையும் கழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை கிடையாது, வந்து மறுபடி சுட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

டீச்சருக்கு அன்று சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. மூன்று மாதப் பேத்தியை முதல் தடவை பார்க்கப் போகிறார். திங்கட்கிழமை மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். டீச்சர் இன்றுவரை அந்தக் குழந்தையை மடியில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஒரு பிஸ்கட்டுல லேசா எண்ணெய் வாசம். அதுக்காக" என்றாராம். அக்காவிடம் சொல்லவில்லை, மற்ற ஐந்து பேரிடம் சொன்னார். அக்காவிடம் அவர் அதற்கப்புறம் எதுவுமே சொல்லவில்லை.

4

யாரும் சண்டை போடவில்லை என்பதைக் கவனியுங்கள். திட்டியிருந்தால் அக்கா திருப்பித் திட்டியிருப்பாள், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலைக்குப் போகிற வாடகை வேனில், "இடம் நிறைஞ்சுடுச்சும்மா, இன்னொருத்தர் ஏர்றாங்க" என்று செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். இன்னொருத்தர் ஏறவே இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு நாற்காலி, ஏழாவதின் மேல் பைகளை வைத்தார்கள். கைபேசிக் குரூப்பில் ஒரு செய்தியும் வரவில்லை. எல்லாருக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள், பாவம். பிறகு ஒருநாள் அவர்களில் சின்னவள் தன் நாய்க்குட்டிப் படத்தைக் காட்டக் கைபேசியை நீட்டியபோது, மேலே இன்னொரு குரூப் தெரிந்தது. அதில் ஆறு பேர்.

"குட் மார்னிங்" என்றால் "ம்" என்று பதில் வரும். அந்த "ம்"மை யாரால் குற்றம் சொல்ல முடியும்? எந்த அதிகாரியிடம் போய், "சார், இவங்க 'ம்'னு சொல்றாங்க" என்று புகார் கொடுப்பது?

அவள் மாடிப்படிக்குக் கீழே, தீயணைப்பு மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டிலும் ஆள் கிடையாது. அத்தான் போய் ஏழு வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அந்த மதியச் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிஷம்தான் ஒரு நாளில் அவள் மனிதர்களோடு உட்கார்ந்து பேசுகிற நேரம் என்பது, அது போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இதற்கப்புறம் நடந்ததுதான் என் கதை. அக்காவின் விருப்பங்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின.

தொலைக்காட்சித் தொடர் என்றால் எழுந்து போய்விடுகிறவள், ஒரு தொடரை விடாமல் பார்க்க ஆரம்பித்தாள். அந்த ஆறு பேரும் பார்க்கிற தொடர். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் இவளுக்கும் புரிய வேண்டுமாம், அதற்காக. பச்சை நிறம் என்றாலே முகம் சுளிக்கிறவள் பச்சையில் ஒரு சாப்பாட்டுப் பை வாங்கினாள். "என்னக்கா, பச்சை?" என்றேன். "பிடிச்சிருக்குடி" என்றாள். ஆறு பேரும் சேர்ந்து வாங்கியிருந்த பை அது என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்றாள். "அவர் டிக்கெட் குடுக்கறப்ப முகத்தைப் பார்ப்பாரு." அவள் குடியிருக்கிற கட்டடத்தின் லிஃப்டில் ஒரு பெண் குரல் "கதவு மூடுகிறது" என்று சொல்லும். ஒருநாள் நான் கூடப் போனபோது அக்கா அதற்கு "சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இது பிடிக்கும், அது பிடிக்காது என்று நாம் எவ்வளவு மிதப்பாகச் சொல்லிக்கொள்கிறோம். என்னவோ அது நம் ரத்தத்தில் பிறந்த மாதிரி. ஒருத்தியைப் பதினான்கு வாரம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள், அவளுக்குப் பச்சை பிடிக்கும், வெயில் பிடிக்கும், செருப்படிகூடப் பிடிக்கும். அப்புறம் நாமே வந்து, அவளாக விரும்பித்தானே எடுத்தாள், யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்போம். சுய விருப்பமாம், மண்ணாங்கட்டி.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது என்று தெரிகிறது. கோபத்தில் எழுதியது. அடிக்க மனசு வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

பதினான்காவது வாரம், புதன்கிழமை. தட்டுகளின் எண்கள் 417, 283, 659.

659 என்று முதல் கடியிலேயே தெரிந்துவிட்டதாம். "நாக்குக்குப் பின்பக்கம், அடியில, காயாத துணியை மடிச்சு வெச்ச மாதிரி ஒரு வாசம்டி. பழைய எண்ணெய். முன்ன வந்ததைவிட மோசம்."

பென்சிலை எடுத்தாள். அதற்குள் சுவர்ப் பிளவுகளில் சீட்டுகள் விழுகிற சத்தம் கேட்டது. டக். டக். டக். ஆறு தடவை. தட்டு வந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாலு நிமிஷ வேலையை ஒரு நிமிஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு, கடித்தே பார்க்காமல் அடிக் கட்டத்தில் ஒரு கோடு. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்விடக் கூடாதே என்ற பயம். அவர்கள் சில வாரமாகவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

இப்போது எல்லாரும் அவளுடைய சீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்தக் கணத்தில் அவள் மனத்தில்

அவள் ஒருவேளை நினைத்திருக்கலாம், இந்த ஒரு முறை

பதினான்கு வாரத்தின் பாரம் முழுவதும் அந்தப் பென்சில்

மூன்று வாக்கியமும் பாதியில் நிற்கின்றன, நிற்கட்டும். எனக்கு எழுதத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். "என்னதான் நினைச்சே?"

"ஒண்ணும் நினைக்கலடி. கை தானாப் போச்சு."

அடிக் கட்டத்தில் ஒரு கோடு. வித்தியாசம் தெரியவில்லை. சீட்டு விழுந்தது.

சூப்பர்வைசர் வெளியே வந்து, "ஏழுக்கு ஏழு, சரக்கு போகுது" என்றார். மதியம் அக்கா வழக்கம்போலப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். டீச்சர் நாற்காலி மேல் இருந்த பைகளை எடுத்துக் கீழே வைத்தார். "எங்க போறே? வா, உட்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். யாரோ அவள் டப்பாவிலிருந்து ஒரு கை எடுத்துக்கொண்டார்கள், யாரோ தங்கள் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்கள். தொடரில் வருகிற மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். அக்காவுக்கு எல்லாம் புரிந்தது, அவளும் இரண்டு வார்த்தை சொன்னாள், சிரித்தார்கள். சாயங்காலம் வரை அவளுக்கு அந்தப் பழைய எண்ணெய் ஏப்பமாக வந்துகொண்டே இருந்ததாம்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்குச் சாப்பிட்ட மாதிரி ருசியா நான் வாழ்க்கையிலேயே சாப்பிட்டதில்லடி" என்றாள்.

இதைக் கேட்டபோது மேசையில் ஓங்கி அடித்தேன். டம்ளர் உருண்டு உடைந்தது. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

6

ஒன்பது நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். இடைவேளையில் கொடுத்த பிஸ்கட், அந்தப் புதன்கிழமைச் சரக்கு. இருபத்திரண்டு பேர் அன்றே சரியாகிவிட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். அவளும் நலமாக வீடு திரும்பிவிட்டாள். இதை உடனே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மனசு அங்கேயே நின்றுவிடும்.

நிற்கத்தான் வேண்டும். அந்தச் சிறுமியின் அம்மா இதைப் படித்தால் என் அக்காவின் சாப்பாட்டு நாற்காலியைப் பற்றி அவருக்கு என்ன கவலை? "உங்கக்காவுக்குப் பேச ஆளில்லன்னா என் பொண்ணு வாந்தி எடுக்கணுமா?" என்று கேட்பார். அக்கா மேலும் எனக்குக் கோபம்தான். தெரிந்து செய்தாள். தெரிந்து செய்ய வைத்தவர்கள் மேல் அதைவிடக் கோபம். இரண்டு கோபமும் ஒன்றையொன்று ஆற்றவில்லை, இரண்டும் சேர்ந்து எரிகின்றன.

நிர்வாகம் ஏழு பேரிடமும் விளக்கம் கேட்டது. ஆறு பேரும் கொடுத்துவிட்டார்கள். ஒரே கடிதம், ஆறு கையெழுத்து. "அவருடைய நாக்கின் திறமையில் நம்பிக்கை வைத்தே நாங்களும் அவ்வாறு குறித்தோம்." தனித்தனி அடைப்பில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டு, எப்படியம்மா அவள் நாக்கில் நம்பிக்கை வைத்தீர்கள்? அவளுக்கு முன்னாலேயே சீட்டைப் போட்டுவிட்டு எப்படி வைத்தீர்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

டீச்சர் அக்காவிடம் வந்து, தோளில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார்: "உன் சர்வீஸுக்கும் உன் பேருக்கும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. மிஞ்சிப் போனா பேக்கிங்குக்கு மாத்துவாங்க. எங்களையா இருந்தா வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. சளி பிடிச்சிருந்ததுன்னு எழுதிக் குடுத்துடு. அப்புறம் நாம எல்லாரும் எப்பவும் போல ஒண்ணா இருக்கலாம்."

அன்று மாலையே பழைய குரூப்பில் ஏழு பேருக்கும் ஒரு படம் வந்தது, ரோஜாப்பூ போட்டு, இனிய மாலை வணக்கம் என்று. அக்கா அதை எனக்கு அனுப்பினாள். கூடவே, "பார்த்தியா!" என்று எழுதியிருந்தாள்.

7

கடிதம் எழுதவில்லை என்றேன், அது முழு உண்மை இல்லை. இரண்டு கடிதம் எழுதிவிட்டேன்.

முதலாவது அவள் கேட்டது. சளி, நாக்கு, மன்னிக்கவும். கடைசியில் எழுதி முடித்துவிட்டேன், ஐந்து நிமிஷம் ஆனது. என் அலுவலகத்துக்கு அனுப்பினால் மாதிரிக் கடிதம் என்று சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இரண்டாவது இது:

"659 எண்ணுள்ள தட்டில் பழைய எண்ணெய் இருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே வித்தியாசம் தெரியவில்லை என்று குறித்தேன். மற்ற ஆறு சீட்டுகளும் சரக்கை ருசி பார்க்காமலே போடப்பட்டவை, நேரத்தைச் சரிபார்த்தால் தெரியும். நான் இவ்வாறு செய்ததற்குக் காரணம்"

இங்கே நின்றுவிட்டது. காரணத்தை எப்படி எழுதுவது? பதினான்கு வாரம் என்னோடு யாரும் சாப்பிடவில்லை என்றா? நாற்பது வயது தாண்டிய பெண், ஒரு தொழிற்சாலை நிர்வாகத்துக்கு, முத்திரை வைத்த தாளில், என்னை வேனில் ஏற்றவில்லை என்று எழுதுவதா? எழுதிப் பார்த்தேன். படிக்கப் படிக்கக் கேவலமாக இருந்தது. எங்கள் அலுவலகப் படிவங்களில் தீ, வெள்ளம், விபத்து, நோய் என்று பன்னிரண்டு காரணத்துக்குக் கட்டம் இருக்கிறது. இதற்கு ஒரு கட்டமும் கிடையாது. ஆளைக் கொல்கிற காரணத்தையெல்லாம் சொல்வதற்கு வெட்கப்படுகிற மாதிரி செய்துவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் போனால் ஏழு பேர் வேலையும் போகும். அக்காவுடையது முதலில் போகும். மற்றவர்களாவது கவனக்குறைவு, அவள் தெரிந்தே செய்தவள்.

8

மணி மூன்று. அக்கா வந்துவிட்டாள். கையில் பச்சைப் பை. இரண்டு கடிதத்தையும் இதுவரை எழுதிய கதையையும் அவள் முன்னால் வைத்தேன். என் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இனி வருவதெல்லாம் அவள் படித்து முடித்த பிறகு நடந்தது.

"டீச்சரை இப்படி எழுதியிருக்கியே. அவ கெட்டவ இல்லடி."

"நான் கெட்டவன்னு எழுதலையே. மருவைக்கூட எடுத்துட்டேன்."

"அந்தப் பேத்தி படத்தைத் தினம் எடுத்துப் பார்ப்பா. எனக்குத் தெரியும்."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே? உன் வேலையைத்தானே பண்ணினே!"

"ஆமா, என் வேலையைத்தான் பண்ணினேன்" என்றாள். "பண்ணி என்ன கண்டேன்?"

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கத்தினேன். "ஒரு நாற்காலிக்காக உன் நாக்கையே அறுத்துக் குடுக்கப் போறியா? அந்தக் குழந்தைங்களுக்கு என்ன பதில்? நாளைக்கு உன்னைப் பேக்கிங்ல தள்ளினதும் அவங்க உன்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பாங்கன்னு நினைக்கறியா? பேக்கிங் சாப்பாட்டு நேரமே வேறன்னு நீதானே ஒரு தடவை சொன்னே!"

அது அவளுக்குத் தெரியும், ஆனால் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. படித்த பக்கங்களை அடுக்கி வைத்தாள்.

"அந்தக் குழந்தை இருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்" என்றாள். "ரெண்டு நாளும் போனேன். வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன். உள்ள போய் யாருன்னு சொல்றது? அதையும் எழுது. எழுதறதுன்னா எல்லாத்தையும் எழுது."

எழுதிவிட்டேன்.

9

முடிவுகள்.

ஒரு முடிவில் அக்கா உண்மைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நிமிர்ந்து நடந்து, நிர்வாகியின் மேசையில் வைக்கிறாள். டீச்சர் கண்கலங்கி அவள் கையைப் பிடிக்கிறார். இதை நாலு வரி எழுதியபோது எனக்கே வாந்தி வந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் பொய்க் கடிதம் போகிறது. அக்கா பேக்கிங் பகுதியில் புது மேசை முன்னால் டப்பாவோடு நிற்கிறாள், அங்கேயும் ஏழெட்டுப் பேர் தலை நிமிராமல் சாப்பிடுகிறார்கள். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்றாவதை அக்காவே சொன்னாள். "ஏண்டி, இதுல நீ எங்க இருக்கே?"

"நான்தானே எழுதறேன்."

"அதான் கேக்கறேன். போன லீவுல மலைக்குப் போனீங்களே, மூணு குடும்பமா. படம் அனுப்பினே. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் இருந்தீங்க."

அந்தப் பயணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. உங்கக்காவைக் கூப்பிடலையா என்றார். கார் இடத்தை நினைத்துக்கொண்டு நான் சொன்ன பதில்: "வேண்டாங்க, அவளுக்குக் கூட்டம் பிடிக்காது." மேலே இரண்டாம் பகுதியில் அந்த ஆறு பேர் சொன்னதை அயோக்கியத்தனம் என்று எழுதினேனே, அது இந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் பொய். தெரிந்துதான் அவ்வளவு சத்தமாக எழுதினேன்.

"அது அப்போ கார்ல இடம்..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும்டி. நான் சண்டைக்கு வரல" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "கையெழுத்துப் போடாதேன்னு சொல்றே. சரி, போடல. ஏழு பேருக்கும் வேலை போகுது. போகட்டும், நியாயம்தான். திங்கட்கிழமை மத்தியானம் நான் யாரோட சாப்பிடறது, அதை மட்டும் சொல்லு. அவங்களாவது பையை நகர்த்தி எனக்கு இடம் குடுத்தாங்க. நீ கதை குடுக்கறே."

திங்கட்கிழமை இங்கே வா என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் திங்கட்கிழமை எனக்கு அலுவலகம். செவ்வாயும் அலுவலகம். இந்தக் கணக்கு என் முகத்தில் ஓடியதை அக்கா பார்த்துவிட்டாள். பிஸ்கட்டின் அடியில் ஒளிந்திருக்கிற எண்ணெயைக் கண்டுபிடிக்கிறவளுக்கு என் முகம் எம்மாத்திரம்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினாள்.

மணி நாலு பத்து. இங்கிருந்து தொழிற்சாலைக்கு அரை மணி நேரம். இரண்டு தாளும் மேசையில் இருக்கின்றன. இரண்டாவதில் காரணம் இன்னும் காலியாக இருக்கிறது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். எது சரி என்று உங்களுக்கு இந்நேரம் ஒரு கருத்து வந்திருக்கும், பத்திரமாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு எப்போதும் வரும். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் கூப்பிடாமல் விட்ட ஓர் ஆள் இருப்பார், கூப்பிட்டாலும் வர மாட்டார் என்று நீங்களே முடிவு செய்துகொண்ட ஆள். முதலில் அவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கட்டும். அதன் பிறகு என் அக்கா எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடாதவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

நானும் திறக்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்திருக்கிறது. அதை அவளிடம் கொடுக்கிறேன்.